கண்ணுக்குள் ஓடிய தறி

போன தை மாதம், அறுவடை நெல் லாரி லாரியாக வந்து இறங்கிய நேரம். ஆரணியில் ஒரு ரைஸ் மில்லில் நான் மூட்டை தூக்குகிறேன். படிப்பு கிடையாது, வாய் மட்டும் உண்டு. தினமும் நாலு பேரைக் கேலி பண்ணாவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது.

ஒரு நாள் வலது கண்ணில் உமி தெறித்தது. துண்டு முனையை எச்சிலில் நனைத்து எடுத்துவிட்டேன். எங்கள் மில்லில் எல்லோருக்கும் இதுதான் வைத்தியம். மறுநாள் கண் சிவந்தது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு சொட்டு மருந்து விட்டேன். சிவப்பு சட்டென்று குறைந்தது. உடனே பெரிய டாக்டர் மாதிரி மில் முழுக்க அந்த மருந்துக்கு விளம்பரம் செய்தேன்.

அடுத்த வாரம் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. எதிரே வரும் பஸ் பனிக்குள் வருவது போலத் தெரிந்தது. வேலூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா கருவிழியை லேசாகச் சுரண்டி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

“பூஞ்சைக் காளான். நூல் நூலா ஓடியிருக்கு.”

“ஆரணி ஊரே பட்டுத் தறி ஓட்டிகினு கீது. பத்தாதுன்னு என் கண்ணுக்குள்ள வேற தறி போட்டுட்டானுங்களா டாக்டரம்மா?”

சிரித்துவிட்டார். பிறகு சிரிக்காமல் சொன்னார். நான் விட்ட மருந்து சிவப்பை அடக்கிவிட்டு, காளானை நன்றாக வளரவிட்டதாம். இந்த மாதிரி பூஞ்சை நோய் நாடு முழுக்க எத்தனை பேருக்கு இருக்கும் என்று அந்த ஆஸ்பத்திரியில் கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். ஆஸ்பத்திரிக்கே வராதவர்களை அந்தக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் தலைவலியாம்.

“உங்க மில்லுல வேற யாருக்காவது கண்ணு சிவந்திருக்கா?”

“நான் ஒருத்தன்தாங்க.”

சொல்லி வாய் மூடுவதற்குள் ஞாபகம் வந்தது. தவிடு கூட்டும் அக்கா சில நாளாகக் கறுப்புக் கண்ணாடியோடு வருகிறார். ‘ஷூட்டிங் எப்போ?’ என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தவன் நான். அந்த மருந்தை வாங்கச் சொன்னவனும் நான்தான்.

வெளியே வந்து போன் போட்டேன்.

“அக்கா, அந்த மருந்த ஊத்தாத. கண்ணு போயிடும். ஜல்தியா வேலூர் வா.”

“கேலி பண்ண போன் வேறயாடா? வேல கீது, வை!”

விழுந்தடித்து ஆரணி பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு மேல் ஒட்டிவிட்ட பிளாஸ்டிக் மூடியோடு மில்லுக்குள் நுழைந்ததும் அக்கா கேட்டார்:

“இன்னாடா, எனக்குப் போட்டியா நீயும் வேஷம் கட்டிகினு வந்துட்டியா?”

மில்லே சிரித்தது. மூடியை எடுத்துவிட்டு அவர் முகத்துக்கு நேரே நின்றேன். வெள்ளைப் புள்ளியைப் பார்த்தார். தன் கண்ணாடியை மெல்லக் கழற்றினார். கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது.

“இட்டுகினு போடா,” என்றார்.

அவருக்கும் அதே காளான்தான், ஆனால் ஆரம்பம். பார்வை முழுசாகத் திரும்பிவிட்டது. எனக்கு லேசாக ஒரு தழும்பு நின்றுவிட்டது.

“இப்ப உன் மூஞ்சி நல்லா தெரியுது, அதான்டா பேஜாரு,” என்று அக்கா இன்றைக்கும் என் காலை வாருவார். வாரட்டும். விளையாட்டுப் பேச்சாலேயே பேர் எடுத்தவன் நான்; அப்படிப்பட்ட என்னை நம்பி ஒருவர் பஸ் ஏறினார் என்று நினைக்கும்போது, கொஞ்சம் கூச்சமாகவும் நிறையப் பெருமையாகவும் இருக்கிறது.