சிடி அக்கா போட்ட போடு

சிடி அக்கா கணினி பழுதுபார்க்கப் போகும் இடங்களில் பெரும்பாலும் யாராவது யாரையாவது அடித்துக்கொண்டிருப்பார்கள். கணினி ஒழுங்காக ஓடுகிற கடையில் அவளுக்கு என்ன வேலை? பை நிறைய சிடிகளோடு அலைந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அந்தப் பையை ஒருநாள் புருஷன் மாடியிலிருந்து தெருவில் வீசினான். மறுநாள் அவனுடைய துணிமணிகளும் அதே வழியாக இறங்கின.

தகரம் வெட்டும் பட்டறை ஒன்றை அண்ணனும் தம்பியும் நடத்தினார்கள். வெட்டும் இயந்திரத்தை ஓட்டும் புரோகிராம் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. வைரஸ் தொல்லை தாங்காத தம்பி, அண்ணனைக் கேட்காமல் விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றினான். இயந்திரம் படுத்துவிட்டது. அக்கா போய்ச் சேர்ந்தபோது தம்பியின் உதடு கிழிந்திருந்தது. பழைய விண்டோஸ் சிடியையும் அவன் குப்பையில் போட்டுவிட்டதாக அண்ணன் சொன்னான், இன்னொரு அறை கொடுத்துக்கொண்டே.

விண்டோஸ் புரோகிராமை லினக்ஸில் ஓட்டித்தரும் ஓர் இடைமென்பொருளை அக்கா ஏற்றினாள். மதியத்துக்குள் திரையில் பழைய புரோகிராம் வந்தது, கத்தியும் அசைந்தது. உடனே அண்ணன் தகரத்தைத் தூக்கி மேடையில் போட்டான்.

அக்கா தடுத்தாள். வெறும் மேடையில் கத்தியை ஓடவிட்டு, கணினி வழியாகவே வேலை செய்யும் நிறுத்தும் பொத்தானை அழுத்திப் பார்க்காமல் எந்த இயந்திரத்தையும் அவள் ஒப்படைத்ததில்லை. திரையில் தெரிவதெல்லாம் ஒயரில் போய்ச் சேரும் என்று நம்பக்கூடாது என்றாள்.

"ஏம்மா, ஓடாததை ஓட வைக்கத்தானே கூப்பிட்டேன்? ஓடுறதை நிறுத்திப் பாக்கவா?"

அண்ணன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். அவள் முதுகு சுவரில் மோதியது. குறுக்கே வந்த தம்பிக்கு வயிற்றில் ஓர் உதை. அண்ணன் மவுஸைத் தட்டினான்.

கத்தி தகரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. பாதியில் தகரம் சுருண்டு எழும்ப, பட்டறையில் எல்லோரும் செய்வதைத்தான் தம்பியும் செய்தான். ஒரு கையால் பொத்தானை அழுத்திக்கொண்டே மறு கையால் தகரத்தை இழுத்தான். பொத்தான் இறங்கியது. கத்தி நிற்கவில்லை.

சுண்டுவிரல் போயிற்று. சட்டைக்கை தகரத்தில் மாட்டிக்கொள்ள, மணிக்கட்டை நோக்கிக் கத்தி நகர்ந்தது. அண்ணன் பொத்தானைக் குத்தினான், குத்திக்கொண்டே இருந்தான். மெயின் சுவிட்ச் வாசலுக்கு வெளியே இருந்தது. அக்கா கைக்கு எட்டிய சம்மட்டியை எடுத்து, காலையிலிருந்து உயிர் கொடுத்த கணினிப் பெட்டியின் நட்டநடுவே ஒரே போடு போட்டாள். கட்டளை அறுந்ததும் கத்தி நின்றது. மணிக்கட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு நகம்கூட நுழையாது.

அண்ணன் தன் சட்டையைக் கிழித்துத் தம்பியின் கையில் சுற்றினான். ஆஸ்பத்திரிக்கு வண்டியை ஓட்டும்போது அழுதான். அழுகை தீர்ந்ததும் பழைய குரல் திரும்பியது.

"உன்னை யாருடா லினக்ஸ் போடச் சொன்னது?"

பின்சீட்டில் தம்பியின் கையை உயர்த்திப் பிடித்திருந்த அக்கா நிதானமாகச் சொன்னாள்:

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்கண்ணே. சம்மட்டி என் மடியிலதான் இருக்கு."

அவன் கண்ணாடியில் பார்த்தான். இருந்தது.