போன வருஷத்து ஊதல்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவருக்கு டிரம்பெட் வாசிக்கத் தெரியும் என்பது கடை முதலாளிக்கே ரொம்ப நாள் தெரியாது. பள்ளிக்கூட பேண்டில் கற்றுக்கொண்டது. கூடப் படித்தவர்கள் படிப்போடு வாத்தியத்தையும் விட்டுவிட்டுப் போனார்கள். இவர் மட்டும் பழைய டிரம்பெட் ஒன்றை வாங்கி, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தார். "உள்ள போனா ஒரு மணி நேரம் ஆகும். ஆனா குளிச்சிருக்க மாட்டார்" என்று மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அவரைக் குளியலறையிலிருந்து வெளியே இழுத்து வந்தவன் மனைவியின் தம்பி. அவன் டிஜே. டெக்னோ போடுகிறவன். டெக்னோவில் பாட்டு என்று ஒன்றும் கிடையாது. பல்லவி, சரணம் எதுவும் இல்லை. நெஞ்சில் இடிக்கிற மாதிரி ஒரே அடி விழுந்துகொண்டே இருக்கும், அதன்மேல் ஏதாவது ஒரு சத்தம் வரும், போகும். ஜனங்கள் அதற்கு மணிக்கணக்கில் ஆடுவார்கள்.

"எல்லாரும் ஒரே மாதிரிதான் போடுறாங்க மாமா. கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா எவன் போடுறான்னே தெரியாது. எனக்கே என்னோடது சலிச்சுப் போச்சு. நீங்க வந்து மேல ஊதுங்க."

"நான் ஊதினா ஆடுறவன் எல்லாம் ஓடிருவான்டா மாப்ள."

"ஓடினா ஓடட்டும். வாங்க."

யாரும் ஓடவில்லை. இடம் ஒரு பழைய பஸ் ஷெட். ராத்திரியில் வைத்தால் அக்கம்பக்கத்தார் போலீசுக்குப் போன் போட்டுவிடுவார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நடத்தினார்கள். தகரக் கூரையின் ஓட்டை வழியாக வெயில் விழும். முதல் நாள் அவருக்குக் கை வேர்த்து டிரம்பெட் வழுக்கியது. பிறகு பழகிவிட்டது.

பழகியதும்தான் அதில் இருந்த ருசி தெரிந்தது. கூட்டம் சோர்ந்திருந்தால் அவர் கீழ்க்குரலில் ஒன்றை இழுத்துப் பிடிப்பார். மைத்துனன் அடியை நிறுத்திவிட்டு, பொத்தானில் விரலை வைத்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அவர் புருவத்தைத் தூக்கினால் அடி திரும்ப விழும். ஷெட்டே எழுந்து குதிக்கும். எந்த வாரமும் முந்தின வாரம் மாதிரி இருந்ததில்லை. ஊதி முடித்து இறங்கினால் அடுத்த வாரம் என்ன ஊதுவோம் என்பது அவருக்கே தெரியாது. அந்தத் தெரியாமைக்காகவே வாரம் முழுக்க லென்ஸ் தேய்த்தார் என்று சொல்லலாம்.

ஒரு வாரம் பிரமாதமாக அமைந்தது. மைத்துனன் எல்லா வாரத்தையும் பதிவு செய்கிறவன், அதையும் செய்துவைத்தான்.

மழைக்காலத்தில் ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி வழுக்கி, கம்பியில் முகம் மோதியது. முன்பல் ஒன்று போயிற்று. பல் டாக்டர் அசலைவிட அழகாக ஒன்றை வைத்துக் கொடுத்தார்.

"சாப்பிடலாம், சிரிக்கலாம், கடலைமிட்டாய் மட்டும் கடிக்காதீங்க."

"டிரம்பெட் ஊதலாமா டாக்டர்?"

டாக்டர் அதை யோசித்ததே இல்லை போலிருந்தது. "ஊதிப் பாருங்களேன்" என்றார்.

ஊதிப் பார்த்தார். ஊதும்போது உதடு பல்லில் அழுந்தி அமர்ந்த இடத்தில் இப்போது வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். சத்தத்தோடு காற்றும் கசிந்தது. குளியலறையில் விடாமல் முயன்றதில் பாதி திரும்பி வந்தது. மீதி வரவில்லை.

அவர் வராத வாரங்களில் மைத்துனன் போன வருஷத்து அந்தப் பிரமாதமான வாரத்தின் பதிவிலிருந்து துண்டுகளை வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டான். கூட்டம் பழையபடி ஆடியது. இதை அவனே ஒளிக்காமல் சொன்னான். அவர் திரும்பிப் போன அன்று பாதி நேரம் நிஜமாக ஊதினார். கூட்டம் தண்ணீர் குடிக்கப் போனது.

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா" என்றான் மைத்துனன், ஷெட்டின் பின்பக்கம் ஒயரைச் சுருட்டிக்கொண்டே. "கொஞ்ச நாளைக்கு நீங்க சும்மா வாயில வச்சுக்கிட்டு நில்லுங்க. சத்தம் நான் பாத்துக்கறேன். நல்லா ஆனதும் மைக்கத் தொறந்துடலாம்."

"யாராவது கண்டுபிடிச்சா?"

"அதுவும் உங்க ஊதல்தானே மாமா? திருட்டா பண்றோம்?"

வேறொருவன் வாசித்திருந்தால் அவனோடு மல்லுக்கட்டலாம். இது அவரே வாசித்தது, அதுவும் அவருடைய நல்ல நாளில். மைத்துனன் மேல் கோபப்படவும் முடியவில்லை. பல் போன அன்று ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடிவந்தவன் அவன்தான்.

நின்றார். கன்னத்தை உப்பவைத்தார், விரல்களை அசைத்தார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி மூச்சு இழுத்துக்கொண்டது அந்தப் பழைய ஊதல். அந்த இடம் வரும்போதெல்லாம் இவரும் மூச்சு இழுத்துக்கொண்டார். மைத்துனன் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

ஒரு ஞாயிறு மனைவியும் வந்திருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பல்லு போனதுல நான் எவ்ளோ பயந்தேன் தெரியுமா? பழைய மாதிரியே வாசிக்கிறீங்க. பழசவிட நல்லாவே."

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். சொன்னால் அவளுக்கு அந்தச் சந்தோஷமும் போகும், தம்பியையும் பிடித்து உலுக்குவாள். "ம்" என்றார்.

அடுத்த வாரம், ஊதல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் டிரம்பெட்டைக் கீழே இறக்கினார். திட்டமெல்லாம் இல்லை, கை தானாக இறங்கிற்று. மேடையில் எல்லோரும் பார்க்க, வாத்தியம் தொடையருகே தொங்க, வெறும் வாயோடு நின்றார். டிரம்பெட் சத்தம் கூரையில் பட்டுத் தெறித்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஆடிய பெண் அவரைப் பார்த்தாள். யாராவது ஏதாவது கேட்கட்டும் என்று அவரும் அவளையே பார்த்தார். அவள் சிரித்து, கையைத் தூக்கி ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஆடினாள். மைத்துனன் தலை நிமிரவில்லை.

கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டிரம்பெட்டை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.