அப்பாவின் பெயருக்கு முன்னால் போட்ட சொல்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளே, அம்மாவைப் பற்றி நல்லதை மட்டும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத வெட்கம் முன்னுக்கு வந்து நிற்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அம்மா மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பிறந்தவர். கலவரக் காலத்தில் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தார். கண்டாவளையில் காடு வெட்டி வயலாக்கிய குடும்பம். அப்பாவும் அப்படி வந்தவரே. இருவரும் வயல் செய்து என்னையும் தம்பியையும் வளர்த்தார்கள். கடைசிப் போரில், எங்களைப் பதுங்குகுழிக்குள் இருத்திவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போன அப்பா திரும்பி வரவில்லை.

செட்டிகுளத்து அகதி முகாமில் பக்கத்துக் கூடாரத்து அக்கா அம்மாவுக்கு வேதாகமம் வாசித்துக் காட்டினார். வெட்டுக்கிளி தின்ற வருடங்களைக் கடவுள் திருப்பித் தருவார் என்று அதில் ஓரிடத்தில் இருக்கிறதாம். அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். ஊர் திரும்பியதும் ஞாயிறுகளில் சபைக்குப் போனார். பொட்டை மட்டும் அழிக்கவில்லை. சபையில் ஒருவர் அதைக் கேட்டபோது, "பிள்ளையளின்ர அப்பா வந்து பாத்தா, 'நான் செத்துப்போனன் எண்டோ நினைச்சனீ' எண்டு கேப்பார்" என்றார். அப்பாவுக்குத் திவசம் செய்யச் சொன்ன சொந்தக்காரருக்கும் அதே பதில்தான்.

வீட்டுத்திட்டம் வந்தபோது மேட்டுப் பக்கமாகக் கட்டுவோம் என்றேன். உடைந்த வீட்டின் பழைய அத்திவாரத்தில்தான் கட்ட வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். "வாற மனுசன் வீட்டைத் தேடித் திரியிறதோ?" என்பார். மாரிக்கு மாரி குசினி அடுப்பு வரைக்கும் வெள்ளம் வரும். நான் வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டே புறுபுறுப்பேன். ஒரு போகம் அறக்கொட்டிப் பூச்சி வயலைக் கருக்கிப் போட்டது. "திருப்பித் தாறன் எண்டவர் பூச்சியையெல்லோ தந்திருக்கிறார்" என்று குத்திக் கதைத்தேன்.

"வருசத்தைத் தாறன் எண்டவர். இந்தப் போகத்தை எண்டு சொல்லேல்லையடி" என்று சிரித்துவிட்டு, மிஞ்சியதை வெட்டப் போனார். உண்மையைச் சொன்னால், அம்மாவின் நம்பிக்கை எனக்கு ஆட்கள் முன்னால் கூச்சமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அம்மா கடைசியாகக் கதைத்ததும் அப்பாவைப் பற்றித்தான். "வந்தா, ஏன் இவ்வளவு காலம் எண்டு கேளாதை பிள்ளை. மனுசன் களைச்சு வரும்."

"ஓம் அம்மா" என்றேன்.

செத்தவீட்டன்று அச்சகக்கார அண்ணை தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, நோட்டீசில அப்பான்ர பேருக்கு முன்னால 'காலஞ்சென்ற' எண்டு போடுறதோ?"

வெளிநாட்டிலிருந்து வந்த உறவுகள் சுற்றி இருந்தார்கள். அவர்கள் முன்னால் விளக்கம் சொல்ல வெட்கப்பட்டேன். "ஓம், போடுங்கோ" என்றேன்.

மதியத்துக்குள் நோட்டீசைச் சந்தி வரைக்கும் ஒட்டிவிட்டார்கள். கூடாரத்து அக்கா வாசல் படலையில் நின்று வாசித்துவிட்டு உள்ளே வந்தார். "இதை ஆர் போடச் சொன்னது?"

"அச்சகத்தில பிழையா அடிச்சுப்போட்டினம் அக்கா" என்றேன். வாய் கூசவில்லை.

பக்கத்தில் நின்ற தம்பி உடனே அச்சகத்துக்குத் தொலைபேசி எடுத்து ஏசினான். அந்த மனிதர் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. பசையும் வெள்ளைத் தாளுமாகச் சைக்கிளில் வந்து, ஒவ்வொரு நோட்டீசிலும் அந்தச் சொல்லை மூடி ஒட்டினார். படலையில் என்னைக் கண்டபோது, "விடு பிள்ளை, செத்தவீட்டில தலை கிறுகிறுக்கும்" என்றார். உள்ளே அம்மாவின் நெற்றியில் அக்கா பெரிய பொட்டாக வைத்துவிட்டிருந்தார். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அம்மாவைப் பராமரித்த தாதியருக்கும், ஜெபித்த போதகருக்கும், தேவாரம் பாடிய சித்தப்பாவுக்கும், சமைத்துத் தந்த அயலவருக்கும், கூடாரத்து அக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அச்சகக்கார அண்ணையிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்கிறேன். பிழை என்னுடையது. தம்பியும் அதை இங்கேதான் முதலில் வாசிக்கிறான்.

இந்த மலரையும் அந்த அண்ணைதான் அச்சிடுகிறார். அப்பாவின் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று மறுபடியும் கேட்டார். ஒன்றும் போட வேண்டாம் என்றேன்.

அப்பா, வீடு பழைய அத்திவாரத்திலேயே இருக்கிறது. ஏன் இவ்வளவு காலம் என்று கேட்க மாட்டேன்.