கோயில் வாசலில் விட்டுப்போன ஷூ

தென் கொரியாவில் நான் ஆராய்ச்சி செய்யும் ஆய்வகத்தின் ஒரு சுவர் முழுக்க மலையுச்சிப் படங்கள். அங்கே எல்லோரும் சேர்ந்து மலையேறுவதும் வேலையில் ஒரு பகுதி மாதிரிதான். ஒவ்வோர் உச்சியிலும் மலையின் பெயரைச் செதுக்கிய கல் ஒன்று நிற்கும். அதைச் சுற்றி நின்று எடுத்த படம் மறுநாளே சுவருக்கு வந்துவிடும். நான் சேர்ந்த பிறகு மாட்டிய இரண்டு படங்களிலும் நான் இல்லை. இரண்டு முறையும் புது ஷூ குதிகாலைக் கடித்துப் பாதியில் திரும்பி, அடிவாரக் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது முறை புறப்படும்போது மூத்த மாணவர் ஒருவர் அக்கறையோடுதான் கேட்டார். "நீ கடையிலேயே இருந்துக்கிறியா? சூடா ஏதாவது குடிக்கலாம்."

"இல்லை, மேலே வர்றேன்" என்றேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ராயப்பேட்டையிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது அடிவாரத்தில் உட்கார அல்ல.

முந்தின நாளே அம்மாவுக்குப் போனில் சொல்லியிருந்தேன். அம்மா ராயப்பேட்டையில் தள்ளுவண்டியில் இட்லி விற்கிறாள்.

"மலைன்னா நம்ம பரங்கிமலை கணக்கா?"

"அத்தப் போல நாலஞ்சு அடுக்கணும்மா."

"மேல சாமி கீதா?"

"உச்சிகிட்ட ஒரு புத்தர் கோயில் கீது."

"அப்போ செருப்போட ஏறாதடி. எந்த ஊரா இருந்தா இன்னா, சாமி சாமிதான்."

கோயிலின் எல்லை அடிவாரத்திலேயே தொடங்குகிறது. அங்கே பெரிய மரவாசல். மற்றவர்கள் ஷூவோடு அதைக் கடந்து போனார்கள். நான் குனிந்து ஷூவைக் கழற்றி, தூண் ஓரமாக வைத்துவிட்டு ஏறினேன்.

முதலில் குளிர் எலும்பு வரை ஏறியது. பிறகு கால் பழகிவிட்டது. மே மாத வெயிலில் தார் ரோட்டில் குடத்தோடு தண்ணி லாரிக்கு ஓடின கால். எந்தக் கல்லை மிதிக்கலாம், எது வழுக்கும் என்று அதற்கே தெரிந்தது. கடிக்க ஷூவும் இல்லை. எதிரே இறங்கி வந்த பெண்கள் என் காலைப் பார்த்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் தன் வெள்ளரிக்காயை உடைத்துப் பாதியை நீட்டினார்.

"குளிரலையா?"

"குளிருது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கம்பியைப் பிடித்து ஏறும் இடத்துக்குச் சற்று முன்னால் அந்த மூத்த மாணவர் முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஷூ தொலைஞ்சுபோச்சா?"

"கீழே பத்திரமா இருக்கு. எழுந்திருங்க, போகலாம்."

கை கொடுத்துத் தூக்கிவிட்டு, நான் முன்னால் ஏறினேன். கோயிலில் கும்பிட்டுவிட்டு மேலே போனேன். உச்சிக் கல்லை இரண்டு கைகளாலும் தொட்டுப் பார்த்தேன். படம் எடுக்கும்போது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் முன்னால், நடுவில் போய் நின்றுகொண்டேன்.

உடனே வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே காலை, இட்லி சுடச்சுட விற்கும் நேரம். அம்மா வண்டியைச் சுற்றி நின்றவர்களிடம் போனைக் காட்டினாள்.

"பாருங்க, என் பொண்ணு. கொரியா மலை மேல நிக்குது."

ஆட்டோக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "சோக்கா கீதுக்கா. அப்டியே கொஞ்சம் சட்னி ஊத்து."

அம்மா திரையில் திரும்ப வந்தாள். "செருப்பு எங்கடி?"

"கீழ, வாசல்ல வுட்டுட்டேன்."

"எவனாவது தூக்கினு பூடுவான். சீக்கிரம் எறங்கு."

இறங்கினபோது ஷூ அங்கேயே இருந்தது. யாரோ அதைத் திருப்பி, போட்டுக்கொள்ள வசதியாக வைத்திருந்தார்கள்.

மறுநாள் படம் சுவருக்கு வந்தது. ஒரு பிரதி அம்மாவின் வண்டியிலும் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் கேட்பார்களாம், "எல்லாரும் ஷூ போட்டுகினு கீறாங்க, உன் பொண்ணுக்கு மட்டும் இன்னாக்கா செருப்பு கூட இல்ல?"

"செருப்பு போட்டவன்லாம் பின்னால கீறான் பாரு நைனா" என்பாளாம் அம்மா, இட்லியை எடுத்து வைத்துக்கொண்டே.