பஸ்ஸுக்கு முன்னால் ஒரு சைக்கிள்

அவள் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் விரிப்பு மடிப்பவள். கணவன் நகரப் பேருந்து ஓட்டுநர். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் அவன் வாயில் முதலில் விழுவது சைக்கிள்காரர்கள்தான்.

"ஓரமா தனிப் பாதையே போட்டுக் குடுத்திருக்கு. அதை விட்டுட்டு என் மூக்குக்கு முன்னாடி ஊர்வலம் போறாங்க," என்பான். அவளும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறவள். அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைப்பாள்.

கடைத்தெருவில் அந்தப் பாதை பேருக்குத்தான். அதை ஒட்டியே வண்டிகள் வரிசையாக நிற்கும். ஒருநாள் காலை ஒரு காரின் கதவு படாரென்று திறந்து இடித்ததில், நடுச்சாலையில் விழுந்தாள். பின்னால் வந்த லாரி அவள் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் இனி சைக்கிளே வேண்டாம் என்பான். சிக்னலில் நின்ற போக்குவரத்துப் பெண் காவலரிடம்தான் கேட்டாள்.

"சைக்கிள் பாதைக் கோட்டுக்குள்ளயேதான் போகணுமா மேடம்?"

"அப்படி இல்லம்மா. கோடு விட்டு விட்டுத்தானே போட்டிருக்கு? கதவு எட்டாத தூரத்துக்கு வெளிய வரலாம். பின்னாடி பாத்து, கைய நீட்டிட்டு வாங்க. வந்தப்புறம் உள்ளயும் வெளியயும் நெளியாதீங்க."

மறுநாள் திரும்பிப் பார்த்து, கையை நீட்டி, நடுவுக்கு வந்தாள். சற்று நேரத்தில் பின்னால் பஸ் சத்தம். ஹார்ன் அடித்தது. யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல இருந்தது. உறுமல் நெருங்கிக்கொண்டே வந்தது. ஒதுங்கிவிடலாமா? ஓரத்தில் ஒரு வெள்ளை வேன். உள்ளே ஒரு தலை அசைந்தது. ஒதுங்காமல் மிதித்தாள். மறுபடி ஹார்ன், இந்த முறை விடாமல்.

வேனைத் தாண்டியதும் ஹார்ன் சட்டென்று அடங்கியது. ஏனென்று பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

சிக்னல் சிவப்பு. நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் சைக்கிள் படம் வரைந்த கட்டத்தில் காலை ஊன்றினாள். பஸ் கோட்டுக்கு நன்றாகப் பின்னாலேயே நின்றது. அப்போதுதான் திரும்பினாள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் கணவன், முகத்தில் ஈயாடாமல்.

பச்சை விழுந்ததும் மிதித்துப் போனாள். வேறென்ன செய்வது. அன்று முழுக்க விரிப்பின் முனைகள் ஒன்றோடொன்று சேரவே இல்லை.

இரவு அவன் தட்டைத் தொடவில்லை.

"நீ தாண்டின உடனே அந்த வேன்காரன் கதவைத் திறந்தான். முழுசா."

"நான் பாக்கலைங்க."

"ஓரமா போன்னுதான் ஹார்ன் அடிச்சேன்."

"நான்னு தெரிஞ்சுதான் அடிச்சீங்களா?"

"முதுகும் ஹெல்மெட்டும்தான் தெரிஞ்சுது. யாரோன்னு நெனச்சேன்." தட்டைத் தள்ளி வைத்தான். "யாரா இருந்தாத்தான் என்ன, அடிச்சிருக்கக் கூடாது."

அவள் முழங்கைக் காயத்தைக் காட்டி, முன்பு கார்க் கதவு இடித்து விழுந்ததையும் சொன்னாள். மறைத்ததற்கு அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பல நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

அவள் நடுவில் போவதை விடவில்லை. அவன் பஸ் பின்னால் வரும் காலைகளில் ஹார்ன் கேட்காது. ஆனாலும் கடைத்தெரு முடியும்வரை அவள் முதுகு விறைத்தே இருக்கும்.