பதினோராவது கண்ணாடி

இது நடந்தது. கனவு இல்லை, காய்ச்சலும் இல்லை. துணிப்பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கும் இந்த நோட்டில் ஒவ்வொன்றையும் நேரம் போட்டு அன்றைக்கே குறித்துவிட்டேன். விரலில் வெட்டுக்காயம் இன்னும் ஆறவில்லை.

எங்கள் வீடு நூறு வருடம் தாண்டியது. சுவரெல்லாம் விரிசல். இப்படிப்பட்ட பழைய வீடுகளை இடிக்காமல் பழுதுபார்க்க நகராட்சி நிதியுதவி தருகிறது. தையல்காரரான அப்பா அதற்காக மூன்று வருடம் நடையாய் நடந்தார். கடைசியில் ஒரு பொறியாளர் வந்தார். விரிசல்களுக்குக் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டுகளை வைத்து, இரண்டு முனையிலும் பிளாஸ்டர் பூசி ஒட்டினார். எண்ணும் தேதியும் எழுதினார். அறுபது நாள் உடையாமல் இருந்தால் சுவர் அசையவில்லை என்று அர்த்தம், பணம் வரும். ஒன்று உடைந்தாலும் வீடு ஆபத்தானது என்று நோட்டீஸ் ஒட்டிக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள்.

அம்மாவுக்குப் பக்கவாதம். அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். படுத்த படுக்கையாகக் கிடப்பவளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் எங்கே போவது?

கண்ணாடிகளைத் தினமும் பார்த்துக் குறிப்பது என் வேலை. "புத்தகத்தைத்தான் மூடி வச்சுட்ட, இந்தச் சுவரையாவது ஒழுங்கா படி" என்பார் அப்பா. மொத்தம் பதினோரு கண்ணாடிகள். ஐம்பத்தெட்டு நாளும் பதினொன்றும் சரியாக இருந்தன.

ஐம்பத்தொன்பதாம் நாள் மாலை. நல்ல மழை. அப்பா தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தார். மணி 6:52. மாடிப்படிக்குப் பின்னால்... 'டிக்'.

டார்ச் அடித்தேன். பதினோராவது கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது.

காலை பத்து மணிக்குப் பொறியாளர் வருவார். என் எட்டாம் வகுப்பு குரூப் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றினேன். அதன் கண்ணாடியை உடைத்து நீளமாக ஒரு துண்டைப் பொறுக்கினேன். விரல் கிழிந்தது. அவர் விட்டுப்போன பிளாஸ்டர் பொடியைக் குழைத்து ஒட்டி, எண்ணையும் தேதியையும் அவர் எழுத்திலேயே எழுதினேன். பள்ளியில் தோழிகளின் ரேங்க் கார்டில் அவர்கள் அப்பாக்களின் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தவள் நான். வாயே திறக்காத என்னிடம் அதற்காக மட்டும் வருவார்கள்.

7:20. ஒட்டி முடித்தேன்.

7:31. 'டிக்'.

வேறொரு துண்டு. மறுபடியும் ஒட்டினேன்.

7:44. 'டிக்'.

உடைந்த துண்டு கையோடு வந்தது. அதன் பின்பக்கம், சுவரைப் பார்த்திருந்த பக்கம், ஆவி படிந்திருந்தது. யாரோ வாயை வைத்து ஊதினாற்போல். ஈரப் பிளாஸ்டரில் நான்கு விரல் தடங்கள். என் விரலை வைத்துப் பார்த்தேன். அவை என்னுடையதைவிடச் சின்னவை.

எதிர் அறையிலிருந்து அம்மாவின் குழறல்.

"யாருடி அங்க?"

"யாரும் இல்லம்மா."

"ஒருத்தி அழறாளே..."

காதைச் சுவரில் வைத்தேன். உள்ளே சுரண்டும் சத்தம். நகத்தால்... மெதுவாக...

கடைசித் துண்டை எடுத்தேன். ஒட்டி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவரிடமே கெஞ்சினேன்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் விட்டுடு. எங்களுக்கு வேற எடம் இல்ல."

சுரண்டல் நின்றது.

பிறகு உள்ளிருந்து, என் குரல் மாதிரியே...

"எங்களுக்கு... வேற எடம் இல்ல."

8:14.

அதன் பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

காலையில் பொறியாளர் வந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். பத்தாவதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சார்... பதினொண்ணு?"

"பத்துதாம்மா ஒட்டுனேன்," என்று படிவத்தைக் காட்டினார். பத்துதான் இருந்தது.

மாடிப்படிக்குப் பின்னால் ஓடினேன். வெறும் சுவர். கண்ணாடியும் இல்லை, விரிசலும் இல்லை. கண்ணாடி இல்லாத குரூப் போட்டோ மட்டும் தரையில் கிடந்தது.

மறுநாள் அப்பா அலுவலகம் போய் மீதித் தாள்களைக் கொடுத்துவிட்டு வந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. எங்கள் வீட்டின் பழைய கோப்பைக் குமாஸ்தா தூசி தட்டி எடுத்தாராம். முப்பத்தெட்டு வருடம் முன்னால் இதே வீட்டுக்கு இதே உதவி கேட்டிருக்கிறார்கள். அப்போது பதினோரு கண்ணாடி. அதிகாரிகள் பார்வையிட வருவதற்கு முதல் நாள் பதினோராவது உடைய, இங்கே குடியிருந்தவர்களின் பெண் யாருக்கும் தெரியாமல் வேறு கண்ணாடியை ஒட்டிவிட்டாள். எல்லாம் சரி என்று எழுதிப் போனார்கள். நாலாம் நாள் மாடிப்படிச் சுவர் விழுந்தது. அவள் அடியில்.

"அவதான் மாத்துனான்னு எப்படிப்பா தெரியும்?"

"ஒரு நோட்டு கெடச்சுதாம். நேரம் போட்டு எழுதி வச்சிருந்திருக்கா, பாவம்."

அப்பாவுக்கு என் நோட்டு பற்றித் தெரியாது.

"கடைசியா என்ன எழுதியிருந்தாப்பா?"

அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"எங்களுக்கு வேற எடம் இல்லன்னு."

இன்று நாலாம் நாள். அம்மாவின் கட்டிலை வாசல் அறைக்கு இழுத்துவிட்டேன். இதைச் சொன்னால் உதவி நின்றுவிடும். சொல்லாவிட்டால்...

மணி 6:51.