முச்சந்திக் கல்லைத் தூக்கிய நாள்

கிரேன் ஓட்டுகிறவனை ஊரில் எல்லாரும் ‘மிச்சம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தவர் முடிதிருத்துகிறவர். அவனும் அவன் அண்ணனும் ஒரே நாளில்தான் பட்டாளத்தில் சேரப் போனார்கள். அண்ணனை எடுத்துக்கொண்டார்கள். தம்பியின் இடது காதில் சவ்வு ஓட்டை என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாம் வருடம் எல்லையில் நடந்த சண்டையில் அண்ணன் செத்துப்போனான். துக்கம் கேட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பிய முடிதிருத்துகிறவர், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம், "ரெண்டு பசங்கள்ல ஒண்ணு போயிடுச்சு. இது மிச்சம்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அவருக்குக் கத்தரியைவிட வாய் வேகம். சாயங்காலத்துக்குள் பெயர் ஒட்டிக்கொண்டது.

மூன்று தெருக்கள் சேரும் இடத்தில் ஒரு கல் நின்றது. ஒரே கல், இரண்டு ஆள் உயரம். பழைய யுத்தத்தில் செத்த ஊர்க்காரர்களின் பெயர்கள் அதன் முன்பக்கத்தில் இருந்தன. இடம் போதாமல் பிறகு செத்தவர்களைப் பக்கவாட்டில் வெட்டினார்கள். அதில் கடைசியாக அண்ணன் பெயர். எதிரிலேயே அம்மாவின் சலவைக் கடை. இஸ்திரி மேசை தெருவைப் பார்த்துப் போட்டிருந்ததால், சட்டையை விரிக்கும்போதும் மடிக்கும்போதும் அவள் கண்ணில் அந்தக் கல்தான் படும். அவள் அங்கே போய் அழுததில்லை, பூ வைத்ததில்லை. ஒருமுறை பஸ் ஒன்று பின்னால் வந்து கல்லில் லேசாக இடித்துவிட்டது. கொதிக்கும் இஸ்திரிப் பெட்டியும் கையுமாக அவள் தெருவில் இறங்கினாள். பஸ் டிரைவர் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். ஊரில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

மிச்சமும் கூடச் சேர்ந்து சிரிப்பான். ஆனால் வேலைக்குப் போகும்போது அந்த முச்சந்தியைத் தொடாமல் பின்பக்கச் சந்து வழியாகத்தான் போவான்.

ரோட்டை அகலப்படுத்தும் வேலை வந்தபோது கல்லை எடுத்துத் தபால் ஆபீஸ் வளாகத்தில் நடுவது என்று முடிவானது. வேலையை எடுத்த கான்ட்ராக்டர் நேராக மிச்சத்திடம் வந்தார்.

"உன் வண்டியில தூக்கிடலாமாப்பா? இல்லன்னா உடைக்கிற மிஷினக் கூப்பிட்டுத் துண்டு துண்டா எடுத்து, அங்க கொண்டுபோய் ஒட்டிக்கலாம்."

மிச்சம் யோசிக்கவே இல்லை. "நானே தூக்கறேன் சார்" என்றான்.

அன்று சாயங்காலம் கடையில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அம்மாவிடம் சொன்னான். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஊர்ல வேற கிரேனே இல்லையா? நீதான் தூக்கணுமா?"

"நான் தூக்கலன்னா உடைப்பாங்கம்மா."

"உடைக்கட்டும். அந்தப் பாவம் அவங்களோட போகட்டும். நீ ஏன் கை வைக்கிற?"

"முழுசா எடுத்துட்டுப் போகலாம்னுதான்..."

"பொய் சொல்லாத." அவள் குரலை உயர்த்தவில்லை. "உனக்கு அது கண்ணுல படக் கூடாது. இத்தன வருஷமா சந்து வழியாப் போறியே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

கான்ட்ராக்டர் கேட்டபோது கல் உடையக் கூடாது என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றியது. அதற்குப் பின்னாலேயே, அந்த இடம் வெறுமையாக இருந்தால் எப்படி இருக்கும் என்ற நினைப்பும் வந்தது. அதில் ஒரு நிம்மதி இருந்ததையும் அவன் கவனித்திருந்தான்.

அன்றிலிருந்து அவள் அவனிடம் பேசுவதை நிறுத்தினாள். சொல்ல வேண்டியதை இஸ்திரிப் பெட்டியிடம் சொல்வாள். "சாப்பாடு மேசைமேல இருக்கு. ஆறிப்போனா என்னக் கேக்கக் கூடாது" என்பாள் பெட்டியைப் பார்த்து. அவனும் விட்டுக்கொடுக்காமல், "கொஞ்சம் உப்பு கம்மின்னு சொல்லிடு" என்பான் அதே பெட்டியிடம். முதலில் வாடிக்கைக்காரர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. நாளாக ஆக, துணியைக் கொடுத்த கையோடு கிளம்பிவிட்டார்கள். உள்ளே நிற்க யாருக்கும் பிடிக்கவில்லை.

கல் தூக்குகிற அன்று காலையிலேயே கூட்டம் கூடிவிட்டது. பெயர் வெட்டப்பட்ட வீடுகளிலிருந்து எல்லாரும் வந்திருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர், "என் தகப்பனார் பேருப்பா, பாத்து" என்று மூன்று பேரிடம் சொல்லிவிட்டார், மூன்றாவது ஆள் கான்ட்ராக்டர். அம்மா மட்டும் வெளியே வரவில்லை. கடைக்குள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

கிரேனை நிறுத்தத்தான் சிரமமாக இருந்தது. வண்டி சாயாமல் இருக்க நாலு மூலையிலும் இரும்புக் கால்களை விரித்து ஊன்ற வேண்டும். ஒவ்வொரு காலுக்குக் கீழேயும் கனமான மரக்கட்டைகளை அடுக்க வேண்டும். மூன்று கால்களுக்கு இடம் இருந்தது. நாலாவது கால், சலவைக் கடைப் படிக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. பெரிய கட்டை அங்கே நுழையவில்லை. மிச்சம் குனிந்து பார்த்தான், குதிகாலால் தரையை உதைத்துப் பார்த்தான். சின்னக் கட்டையையே வைக்கச் சொன்னான்.

"போதுமா?" என்று கேட்டான் சைகை காட்டுகிறவன். வாயில் எப்போதும் விசில் இருப்பதால் அவனுக்கு ‘விசில்’ என்றே பெயர்.

"தாங்கும்" என்றான் மிச்சம்.

கல்லின் இடுப்பில் பெல்ட்டுகளைச் சுற்றிக் கொக்கியில் மாட்டினார்கள். தொங்கும்போது கல் சுழலாமல் இருக்க அதில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டி, மறுமுனையை விசில் கையில் பிடித்துக்கொண்டான். அடிப்பக்கத்தை முதல் நாளே அறுத்து வைத்திருந்தார்கள். மிச்சம் நெம்புகோலை இழுத்தான். வடம் விறைத்தது. பீடத்திலிருந்து புழுதி உதிர்ந்தது. ஒரு முனகலோடு கல் தரையை விட்டது. யாரோ கை தட்டினார்கள், மற்றவர்கள் அதட்டி அடக்கினார்கள்.

கல் மெதுவாக மேலே வந்தது. லாரி பக்கம் திருப்ப வேண்டும். திருப்பிக்கொண்டிருக்கும்போதே இருக்கைக்குக் கீழே ஏதோ நழுவுவது போல அவன் உடம்புக்குத் தெரிந்தது. காது கேட்காத பக்கம்தான் அந்தச் சத்தம் வந்திருக்க வேண்டும், அவனுக்குக் கேட்கவில்லை. கடைப் படி விண்டு, நாலாவது கால் தரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே பழைய சாக்கடை ஒன்றை யாரோ எப்போதோ மூடி, மேலே தார் போட்டிருந்தார்கள். எதிர்மூலையில் இருந்த கால் கட்டையை விட்டு மேலே எழும்பியது. வண்டி கல்லின் பக்கம் சாயத் தொடங்கியது.

கூட்டம் சிதறியது. லாரி டிரைவர் இறங்கி ஓடினான். விசில் கயிற்றைப் போட்டுவிட்டு, "குதி! குதிடா!" என்று கத்தியபடியே ஓடினான். பிடிப்பார் இல்லாத கல் தொங்கியபடி சுழலத் தொடங்கியது. இன்னும் ஒரு சுற்று சுழன்று ஆடினால் வண்டியை இழுத்துக் கவிழ்த்துவிடும் என்று மிச்சத்துக்குத் தெரிந்தது. கதவு அவன் பக்கத்திலேயே திறந்துதான் இருந்தது. குதிக்கலாம். குதித்தால் கல்லும் வண்டியும் சேர்ந்து கடைமேல் விழும்.

அப்போது கடை வாசலிலிருந்து அம்மா இறங்கினாள். ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு எதிர்த்திசையில் அவள் ஒருத்திதான் வந்தாள். தரையில் புரண்ட கயிற்றை எடுத்தாள். இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். கல் அவளை நாலடி இழுத்துக்கொண்டு போனது. செருப்பு ஒன்று கழன்றது. அவள் விடவில்லை. விளக்குக் கம்பத்தில் காலை முட்டுக் கொடுத்து நின்றாள். சுழற்சி நின்றது.

அவள் ஏதோ கத்துவது தெரிந்தது. காது கேட்காத பக்கம் அவள், அதோடு இன்ஜின் சத்தம், அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.

"அம்மா! இழுக்காத!" என்று அவன் கத்தினான். "சும்மா புடிச்சுக்கோ! அந்தப் பக்கமே நில்லு!"

அவளுக்குக் கேட்டது. தலையை ஆட்டினாள்.

அவன் கல்லை இறக்கத் தொடங்கினான். வேகமாக இறக்கிச் சட்டென்று நிறுத்தினால் வண்டி குலுங்கிக் கவிழும். மெதுவாக இறக்கினால் சாக்கடை இன்னும் உள்ளே வாங்கும். நடுவில் ஒரு வேகம் இருந்தது, அதை அவன் கையால்தான் தேட வேண்டியிருந்தது. வண்டி இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. அவன் பக்கத்துக் கண்ணாடியில் கூட்டம் தெரிந்த இடத்தில் இப்போது வானம் தெரிந்தது. நெம்புகோலிலிருந்து பார்வையை எடுக்கக் கூடாது என்று தெரிந்தும், அம்மாவின் கால் கல்லிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

கல்லின் அடி தாரைத் தொட்டது. ஒரு மூலை நசுங்கி, கைப்பிடி அளவு சில்லு தெறித்தது. பாரம் குறைந்ததும் எழும்பியிருந்த கால் ‘டொம்’ என்று கட்டையில் வந்து உட்கார்ந்தது. ஆனால் கல்லை அப்படியே விட முடியாது. வடம் தளர்ந்தால் கல் சாயும். பெல்ட் அரைகுறையாக இழுத்துப் பிடித்திருக்கிற அந்த நிலையிலேயே அவன் கையை நிறுத்தினான்.

"கட்ட! கட்ட கொண்டாங்க!" என்று அம்மா தெருவைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "ஓடிட்டு நிக்கிறீங்களே, ஆம்பளைங்கதானே எல்லாரும்?"

முதலில் விசில் வந்தான். பிறகு வேட்டி கட்டிய பெரியவர், அவருக்குப் பின்னால் முடிதிருத்துகிறவர், வெள்ளைத் துணியைக் கழுத்தில் போட்டபடி அவருடைய வாடிக்கைக்காரரும். லாரியிலிருந்த கட்டைகளை இறக்கிக் கல்லின் நாலு பக்கமும் முட்டுக் கொடுத்தார்கள். ஆப்பு அடித்தார்கள். அவ்வளவு நேரமும் அம்மா கயிற்றை விடவில்லை, அவன் நெம்புகோலை விடவில்லை. கடைசியில் விசில் கையை உயர்த்தினான். மிச்சம் வடத்தைத் தளர்த்தினான். கல் நின்றது.

அவன் கீழே இறங்கினான். கிரேன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அம்மா வந்தாள். கயிறு இரண்டு உள்ளங்கையையும் உரித்திருந்தது.

"குதின்னு கத்தினேனே, கேக்கலையா?"

"அந்தப் பக்கம் எனக்குக் கேக்காதேம்மா."

"அதான் பாத்தேன்" என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

அவன் கேட்டான். "கல்லு உடைஞ்சிடும்னு வந்தியா?"

அவள் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அடி விழப்போகிறது என்றே நினைத்தான்.

"உள்ள யாரு உக்காந்திருந்தா? கல்லா?" என்றாள். அப்புறம் அழுதாள். அண்ணன் செத்த செய்தி வந்தபோதுகூட அவள் அப்படி அழுது அவன் பார்த்ததில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அது உறைக்கவில்லை.

கான்ட்ராக்டர் அவனை அன்றோடு நிறுத்திவிட்டார். சின்னக் கட்டையை வைக்கச் சொன்னவன் அவன்தான், அதை அவனும் மறுக்கவில்லை. கல் பல வாரம் ரோட்டிலேயே முட்டுக் கட்டைகளோடு நின்றது. பஸ்கள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. அம்மாவின் கையில் கட்டு இருந்ததால் மிச்சம்தான் கடையைப் பார்த்துக்கொண்டான். அவன் இஸ்திரி போட்ட சட்டைகளைப் பற்றி வந்த புகார்களை அவள் உள்ளே உட்கார்ந்து சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு வெளியூரிலிருந்து பெரிய கிரேன் வந்தது. இரண்டு பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள். கல் எழும்பியதும் அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒழுங்காத் தூக்குறானா?"

"ஒழுங்காத்தான் தூக்குறான்."

கல் லாரியில் படுத்தது. லாரி திரும்பி, தபால் ஆபீஸ் தெருவுக்குள் நுழைந்து மறைந்தது. கூட்டம் அதன் பின்னால் போனது.

"நீ போய்ட்டு வா" என்றாள் அவள். "நடுற வரைக்கும் யாராவது கூட இருக்கணும். எனக்குக் கடையில வேலை கெடக்கு."

அவன் முச்சந்தியைக் கடந்து, லாரி போன வழியே நடந்தான்.